தன்வந்திரியின் பெயரால்

நமது வாசகர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர், சிறந்த தேசாபிமானி. அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்ததாம். அம்மைப் பால் குத்தும் முறையைக் கண்டுபிடித்தவர் ஜென்னர் என்னும் ஆங்கிலேயர் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுப்பது சுத்தப் பொய் என்று அந்தச் செய்தி கூறுகிறதாம். ஜென்னருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தன்வந்திரி பகவான் அருளிய வடமொழி நூல் ஒன்றில், பசுவின் மடியில் உண்டாகும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறிச் செலுத்தும் முறை விளக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறதாம். இதை நமது பகுதியில் வெளியிட்டால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் தலை நிமிர்ந்து நடப்பார்கள் என்பது அந்த அன்பரின் ஆசை.

அவருக்கு ஏமாற்றம் அளிக்கும் பதிலையே எழுத வேண்டியிருப்பதற்காக வருந்துகிறோம். இந்தச் சங்கதி பல நூற்றாண்டுப் பழமை உடையதல்ல. சுமார் இருநூறு வருஷத்துச் சங்கதி. அது பிறந்த இடம் காசியும் அல்ல, தக்ஷசீலமும் அல்ல. நமது சென்னைப் பட்டணமேதான். அதைப் பெற்று வளர்த்தவர்களோ இங்கிலீஷ்காரர்கள்!

கதை சுவையானது, ஆகையால் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறோம். சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரையைத் தமிழர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். திருக்குறளில் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர் அவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பத்து மொழிகள், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்பாகவே, 1816-ல், எடுத்துக் காட்டியவர் அவர்தான். வடமொழியிலும் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியைக் கொண்டு அவர் வேறு ஒரு காரியமும் செய்தார். அம்மைப் பாலின் பெருமையைப் பற்றி வடமொழியில் ஒரு சிறு செய்யுள் இயற்றி, அதைப் பழைய காகிதத்தில் எழுதுவித்து, எங்கோ கண்டெடுக்கப்பட்ட ஏடு என்று உலவ விட்டார். பசுவின் பெயரையும் பழமையின் பெயரையும் கேட்டால் பிராமணர்கள் மறுப்புச் சொல்லாமல் கையை நீட்டுவார்கள் என்பது எண்ணம். ஜென்னரின் நண்பரும் அவருடைய சரித்திரத்தை எழுதியவருமான ஜான் பாரன் என்ற வைத்தியர் இதை ஒளிவு மறைவின்றிக் குறித்து வைத்திருக்கிறார். சென்னையில் தலைமை வைத்தியராயிருந்த ஆண்டர்ஸன் என்பவரும் இதே உபாயத்தைக் கையாண்டாராம். உபாயம் என்று அவர்கள் சொல்கிறார்கள்; நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு.

1819-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்றில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. நமது அன்பரின் தொலைபேசிக்கு வந்த செய்தியின் மூலபாடம் அதுதான். பசுவின் மடி, தோள், முழங்கை எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கடிதம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்கே வைத்திய அகராதிகளில் இடம் பெற்றது. அச்சில் வந்த கௌரவத்தோடு திரும்பிக் கப்பலேறி நம்மிடம் வந்தபோது, வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்ட நமது பழம்பெருமை ஆகிவிட்டது! டொமினிக் வுஜஸ்டிக் என்னும் வடமொழி அறிஞர் 1987-ல் இதையெல்லாம் துருவி ஆராய்ந்து, நல்லெண்ணத்தோடு செய்த மோசடி என்று பெயர் சூட்டினார். சரகத்திலும் சுசுருதத்திலும் பசு அம்மையைக் குத்தும் முறை எதுவும் கிடையாது. மசூரிகை என்ற பெயரை மட்டும் சுசுருதம் சில்லறை நோய்களின் வரிசையில் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறது.

எல்லிஸ் கெட்டவர் அல்லர். பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு ஏன் வந்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

வைசூரி என்னும் பெரியம்மை வந்தால் நூற்றுக்கு இருபது முப்பது பேரைக் கொண்டு போகும். பிழைத்தவர்களில் பலருக்கு முகத்தில் தழும்பு, சிலருக்குக் கண் போகும். ஜென்னர் 1796-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் உண்டாகியிருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து ஓர் எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். பிறகு பெரியம்மையின் சீழையே அவனுக்குக் குத்திப் பார்த்தும் அவனுக்கு நோய் காணவில்லை. காரணம் எளிது. பசு அம்மைக் கிருமியும் பெரியம்மைக் கிருமியும் ஒரே வம்சம். திருடனுடைய தம்பியை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்ட காவற்காரன், அந்த ஜாடையிலுள்ள அண்ணன் வாசலில் வந்து நின்றவுடனே தடியை எடுத்துவிடுகிறான் அல்லவா? நம் உடம்பிலுள்ள வெள்ளை அணுக்கள் செய்வதும் அதுவே. இன்று போடப்படும் தடுப்பு ஊசிகளில் சிலவற்றில் இருப்பது பலமிழந்த கிருமி. சிலவற்றில் செத்த கிருமி. சிலவற்றில் அதன் ஒரு துண்டு மாத்திரமே. காவற்காரனுக்கு அடையாளம் காட்டுவதே எல்லாவற்றின் வேலையும்.

ஆனால் பசு அம்மைப் பாலை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு வருவது லேசான காரியமாக இருக்கவில்லை. கடல் வழியில் உஷ்ணத்தில் அது செத்துப் போயிற்று. கடைசியில் வியன்னாவிலிருந்து பாக்தாத், அங்கிருந்து பஸரா என்று தரை வழியாகக் கைமாறி வந்து, 1802-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் அது பிடித்தது. அந்தக் குழந்தையின் கொப்புளத்திலிருந்து வேறு குழந்தைகளுக்கு, அவர்களிடமிருந்து இன்னும் பலருக்கு என்று, கைக்குக் கை தாண்டித்தான் அது இந்தியா முழுவதும் பரவியது. பாலை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு போக வேண்டுமானால் புட்டி போதாது, குழந்தை வேண்டும்! கொப்புளம் முதிர்ந்த எட்டாம் நாள் அந்தக் குழந்தையைக் கூட்டி வந்து, புண்ணைக் கீறி, மற்றவர்களுக்கு எடுப்பார்கள். எந்தத் தாய் இதற்குச் சந்தோஷமாகச் சம்மதிப்பாள்? வேறு ஜாதிக் குழந்தையின் புண்ணீர் என்ற அருவருப்பும் சேர்ந்து கொண்டது. ஜாதி பற்றிய அருவருப்பை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒருவர் உடம்பிலிருந்து மற்றொருவர் உடம்புக்கு மேக நோய் போன்ற வியாதிகள் இவ்வழியே போகக்கூடும் என்பது பின்னால் மெய்யாகவே தெரிய வந்தது. ஆகவே மறுத்தவர்கள் எல்லாரும் மூடர்கள் என்று சொல்லிவிட முடியாது. கன்றுக்குட்டியின் உடம்பில் பால் வளர்த்து எடுக்கும் முறை வந்த பிறகே இந்தச் சங்கடம் தீர்ந்தது. அந்தப் பாலைத் தயாரிப்பதற்காகத்தான் சென்னையை அடுத்த கிண்டியில் 1899-ல் கிங் இன்ஸ்டிட்யூட் ஏற்பட்டது.

எல்லிஸ் துரை இந்தச் சங்கடங்களை எடுத்துப் பேசி, சமாதானம் சொல்லி, ஜனங்களை இணங்க வைக்க முயன்றிருக்கலாம். அதற்குப் பதிலாக, இவர்களுக்கு நியாயம் சொன்னால் விளங்காது, சாமி பெயரைச் சொன்னால்தான் விளங்கும் என்று முடிவு கட்டிவிட்டார். குறளில் அவ்வளவு ஊறியவர் அப்படி நினைத்ததுதான் நமக்கு மனக்கஷ்டத்தைத் தருகிறது. அந்த அலட்சியத்தில் பிறந்த ஏட்டை இன்று நமது பெருமைக்குச் சாட்சியாக நாமே தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

நிஜமாகவே நமக்குப் பெருமை தரக்கூடிய சங்கதி வேறு ஒன்று இருக்கிறது. அதை அந்தச் செய்தி சொல்லவில்லை. பசு அம்மை வருவதற்கு முன்பே வங்காளத்திலும் வட இந்தியாவின் மற்றச் சில பகுதிகளிலும் 'டீகா' போடும் வழக்கம் இருந்தது. ஹால்வெல் என்னும் வைத்தியர் தாம் வங்காளத்தில் கண்டதை 1767-ல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். அம்மைக் காலம் தொடங்குமுன் டீகாக்காரர்கள் ஊர் ஊராக வருவார்கள். போன வருஷத்தில் பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்து ஒரு வருஷம் வைத்திருந்த பஞ்சைக் கங்கை ஜலத்தில் நனைத்துக் கையில் கீறிய இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். புதுச் சீழை எடுக்க மாட்டார்கள். முன்னும் பின்னும் பத்தியம் உண்டு. குளிர்ந்த நீரில் ஸ்நானம் உண்டு. பழைய சீழ் வீரியம் குறைந்திருக்கும் என்பதை அவர்கள் அநுபவத்தில் அறிந்திருந்தார்கள். சீனாவிலும் துருக்கியிலும்கூட இதைப் போன்ற முறைகள் இருந்தன. தென்னாட்டில் இவ்வழக்கம் அவ்வளவாகப் பரவவில்லை.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. டீகா போட்டுக் கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ இறந்து போவார்கள். உடம்பில் இருப்பது மெய்யான பெரியம்மையே ஆகையால், போட்டுக் கொண்டவர்கள் தனித்திராவிட்டால் மற்றவர்களுக்கு நோயைப் பரப்பியும் விடுவார்கள். பசு அம்மைக்கு இந்த இரண்டு தோஷங்களும் கிடையாது என்பதால்தான் அது உயர்ந்தது. 1865-ல் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் டீகாவைச் சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த டீகாக்காரர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்களில் சிலரை அம்மைப் பால் குத்தும் வேலைக்கே எடுத்துக் கொண்ட இடங்களும் உண்டு. அது புத்திசாலித்தனமான காரியம்.

மாரியம்மனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதையும், அவ்வீட்டுக்கு வெளியார் போகாதிருப்பதையும், வீட்டார் விசேஷங்களுக்குப் போகாதிருப்பதையும், தலைக்குத் தண்ணீர் விடும் வரையில் நோயாளியைத் தனியே கிடத்துவதையும் மூட நம்பிக்கை என்று கேலி செய்தவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். இன்று எந்தச் சுகாதார அதிகாரியைக் கேட்டாலும் இவற்றையே வேறு பாஷையில் சொல்லுவார். ஆத்தாளைக் கும்பிடுவதற்கும் ஊசி போட்டுக் கொள்வதற்கும் எந்த விரோதமும் இல்லை. சமயபுரத்துக்கு நேர்ந்து கொண்ட கையிலேயே ஊசியும் போட்டுக்கொண்டு சுகமாயிருக்கிற குடும்பங்கள் நமக்குத் தெரிந்து அநேகம்.

தேசியத் தலைவர்களிலும் ஊசியைச் சந்தேகித்தவர்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகாத்மா காந்தி அம்மை குத்துவதை ஆதரித்தவர் அல்லர். அதைக் கண்டித்தே எழுதியிருக்கிறார். க்ஷயரோகத்துக்கான பி.ஸி.ஜி. ஊசியை ஊரெங்கும் போட்டு வந்த காலத்தில், 1955-ல், ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்தார். மகாத்மாவின் கருத்து இவ்விஷயத்தில் சரியானதல்ல என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை. பெரியோரை வணங்குவது வேறு, வைத்தியம் வேறு. ஆனால் ராஜாஜியின் எதிர்ப்பைப் பற்றி அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதன் பின்கதை நம் ஊரிலேயே நடந்தது.

1968-ம் வருஷம் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாபெரும் பரீட்சை ஒன்று தொடங்கிற்று. லட்சக்கணக்கான ஜனங்களில் சிலருக்கு பி.ஸி.ஜி. மருந்தும், சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீரும் குத்தப்பட்டன. எவருக்கு எது என்பது குத்தியவருக்கும் தெரியாது, குத்திக் கொண்டவருக்கும் தெரியாது. பிறகு வருஷக்கணக்காக அந்த ஜனங்களைப் பின்தொடர்ந்து, யாருக்கு க்ஷயம் கண்டது, யாருக்குக் காணவில்லை என்று கணக்கெடுத்தார்கள். ஏழரை வருஷக் கணக்கு வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. பெரியவர்களுக்கு வரும் சுவாசப்பை க்ஷயத்தைத் தடுப்பதில் இரு கூட்டத்தாருக்கும் வித்தியாசமே இல்லை! பதினைந்து வருஷக் கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்லிற்று.

இந்தியச் சர்க்கார் பல வருஷமாகப் பிரசாரம் செய்து வந்த ஊசி அது. முடிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். அல்லது வார்த்தைகளில் மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் உள்ளதை உள்ளபடி உலகத்துக்கு வெளியிட்டார்கள். அதனால் பி.ஸி.ஜி. குப்பைக்குப் போயிற்றா என்றால், இல்லை. சிசுக்களுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகை க்ஷயத்தையும், உடம்பெங்கும் பரவும் க்ஷயத்தையும் அது தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகளால் தெரிந்தது. ஆகவே பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு போடப்படுகிறது. தலை நிமிர்ந்து நடப்பதற்குக் காரணம் தேடும் நமது தபால் இலாகா அன்பருக்கு, எல்லிஸின் ஏட்டைவிடத் திருவள்ளூர்க் கிராமங்களின் இந்தக் கணக்குப் புத்தகம் உத்தமமானது என்று சிபாரிசு செய்கிறோம்.

விபத்துக்களும் உண்டு. 1902-ல் பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்ற கிராமத்தில் பிளேக் தடுப்பு மருந்து குத்திக் கொண்டவர்களில், ஒரே புட்டியிலிருந்து குத்திக் கொண்ட 19 பேர் இசிவு நோய் கண்டு மாண்டு போனார்கள். மருந்தைக் கண்டுபிடித்த ஹாஃப்கின், 1897-ல் அதை முதன் முதலாகத் தம் உடம்பிலேயே குத்திப் பார்த்தவர். அவருடைய பம்பாய் ஆராய்ச்சிசாலையின் மேல் பழி விழுந்தது. அவர் பதவி இழந்தார். அந்தப் புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததையும், அதைச் சரிவரச் சுத்தம் செய்யாமலே உபயோகித்ததையும் ஏற்றுக்கொண்டு அவர்மீதிருந்த பழியைத் துடைக்க 1907 ஆயிற்று. மருந்தில் குற்றமில்லை, கையில்தான் குற்றம் என்று ஜனங்கள் அறிவதற்குள் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இன்று ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றொருவருக்குக் குத்தாமல் எறிந்து விடுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இம்மாதிரிப் பல துக்கங்கள் இருக்கின்றன.

பெரியம்மை கடைசியில் ஒழிந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. உஷ்ணத்தைத் தாங்கும் உலர்ந்த மருந்தும், இரண்டு முனையுள்ள சிறு ஊசியும் வந்த பிறகு வேலை சுலபமாயிற்று. ஆனால் அவற்றுக்குச் சமமாகப் பயன்பட்டது ஒரு படம். அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகவும் சந்தை சந்தையாகவும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவும் போய், இப்படி யாருக்காவது கண்டிருக்கிறதா என்று கேட்டார்கள். முதலில் துப்புச் சொல்லுவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தாமாம்! பிள்ளைகளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்பது எங்கள் தொழிலில் தினந்தோறும் காணும் உண்மை. நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் பால் குத்தி, நோய் வெளியேற வழியில்லாமல் வேலி கட்டினார்கள். 1975-ம் வருஷம் மே மாதத்தில் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளியைக் கண்டார்கள். 1980 மே மாதத்தில் உலகமே விடுபட்டதென்று உலக சுகாதார சபை பிரகடனம் செய்தது. கடைசிக் கட்டத்தில் வட இந்தியாவில் சில இடங்களில் இரவில் வீடு புகுந்து, ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பலவந்தமாகக் குத்தியதும் நடந்தது. அது புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது. நோய் போயிற்று, பிடித்துக் குத்தப்பட்டவர்களின் மனத்திலிருந்த கசப்பு அதனுடன் போயிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2017-ம் வருஷம் பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி போட ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூடங்களிலேயே போடுவதென்று தீர்மானம். ஊசி வருவதற்கு முன்னால் வாட்ஸ்அப் வந்துவிட்டது! அந்நிய நாட்டுச் சதி என்றும், பெண்களுக்குப் பிற்காலத்தில் கர்ப்பம் தரிக்காது என்றும், எங்கோ குழந்தைகள் இறந்து போனார்கள் என்றும் பலவிதமான செய்திகள். அந்நியச் சதி என்று சொல்லப்பட்ட அந்த மருந்து புனாவில் தயாரானது. நம் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பெற்றோர்கள், தங்கள் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆசிரியர்களின் அறையில் யோசனை நடந்தது. நல்ல மனசுள்ள சக ஆசிரியர் ஒருவர், இது சத்து ஊசி என்று சொல்லிப் போட்டுவிடலாமே, பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்றார். குழந்தைகளின் நன்மையைத் தவிர வேறு எதையும் அவர் நினைக்கவில்லை. எல்லிஸ் துரையும் அப்படித்தான். சாயங்காலம் குழந்தைக்குக் கை வலிக்கும்; இரண்டு நாளில் காய்ச்சல் வந்தாலும் வரும்; சத்து ஊசி என்று சொன்னார்களே என்று தாய் கேட்பாள்; அதற்குப் பிறகு எந்த ஊசிக்கும் அந்த வீட்டில் கையை நீட்ட மாட்டார்கள் என்று நாம் எடுத்துச் சொன்னோம். பெற்றோர்களைக் கூட்டிப் பேசுவதென்று முடிவாயிற்று.

அன்று வந்த கிராம சுகாதார நர்ஸ் அம்மாள் பேசியதை நாம் மறக்கவே முடியாது. அலங்காரமாக ஒன்றும் பேசவில்லை. "காய்ச்சல் வரும்; சில பேருக்கு ஏழு பத்து நாள் கழித்துக்கூட வரும். மேலே லேசாகத் தடிப்புத் தெரியும். எங்கேயோ ஒரு குழந்தைக்கு மருந்து ஒத்துக் கொள்ளாமல் மூச்சுத் திணறும். அது உடனே தெரிந்துவிடும். அதற்குத்தான் அரை மணி நேரம் எங்கள் கண் முன்னாலேயே உட்கார வைக்கிறோம், மாற்று மருந்தும் கையில் வைத்திருக்கிறோம்" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து அந்த மருந்தையும் எடுத்துக் காட்டினார். கூட்டத்தில் சலசலப்பு அடங்கிவிட்டது. கெடுதலே வராது என்று சத்தியம் செய்திருந்தால் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. தட்டம்மை சாதாரணமாக வந்து போகிற நோய்தானே, நாங்களெல்லாம் பிழைத்து இருக்கவில்லையா என்று ஒரு தாத்தா கேட்டார். பிழைத்தவர்கள்தாம் கூட்டத்துக்கு வர முடியும் என்று சொல்ல நமக்கு நா எழுந்தது, அடக்கிக் கொண்டோம். தொற்று நோய்களில் தட்டம்மையைப் போல் பரவுவது வேறு இல்லை. நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரையில் அது தங்கியிருக்கும். தடுப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவும். சில குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக் காய்ச்சலும் வரும். அது மாத்திரமல்ல. நாம் மேலே சொன்ன காவற்காரன் அதுவரையில் அடையாளம் தெரிந்து வைத்திருந்த மற்றத் திருடர்களில் பலரையும் தட்டம்மை மறக்கடித்து விடுகிறது; ஆகையால் நோய் நீங்கிய பிறகும் நெடுநாள் வரையில் வேறு வியாதிகளுக்குக் குழந்தை எளிதில் இரையாகும் என்று சமீப காலத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

ருபெல்லா பெண்களைப் பற்றிய விஷயம் என்கிறார்களே, என் மகனுக்கு எதற்கு ஊசி என்று ஒரு தகப்பனார் கேட்டார். நல்ல கேள்விதான். ருபெல்லா குழந்தைக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள், வந்தால் பிறக்கும் சிசுவுக்குக் காது கேளாது, கண்ணில் புரை விழும், இருதயம் கோளாறாகும். கர்ப்பிணியான தாய்க்கும் சித்திக்கும் ஆசிரியைக்கும் அதைக் கொண்டு போய்க் கொடுப்பது வீட்டிலும் வகுப்பிலும் ஓடி விளையாடுகிற பையன்கள்தாம். இதைக் கேட்டதும் அந்தத் தகப்பனார் ஒன்றும் பேசாமல் சம்மதச் சீட்டை வாங்கிக் கொண்டார்.

ஊசியினால் குழந்தைகளுக்கு 'ஆட்டிசம்' வருகிறதாமே என்று கேட்டவரும் ஒருவர். 1998-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற வைத்தியர் பன்னிரண்டு குழந்தைகளை மாத்திரம் வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய வதந்தி அது. கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. அவருடைய பெயரும் அதே வருஷம் வைத்தியர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் அப்படி ஒரு சம்பந்தமும் தென்படவில்லை.

மறுத்திருந்த பெற்றோர்களில் பெரும்பாலோர் அன்றே சம்மதித்தார்கள். சிலர் கேட்டுவிட்டுச் சும்மா போனார்கள். அவர்களிலும் இரண்டொருவர், தேதி நீட்டிக்கப்பட்ட பிறகு மார்ச் மாதத்தில் தாங்களே குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் போட்டு வந்தார்கள். கடைசி வரையில் மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் குழந்தைகளை நாம் வேறாக நடத்தவில்லை. மற்றக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் தடுப்புச் சக்தி இருந்தால் தட்டம்மை பரவ வழியில்லாமல் அந்தக் குழந்தைகளையும் சேர்த்துக் காக்கும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லி வைத்தோம்.

இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாட்டையும் கேட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். தட்டம்மை-ருபெல்லா ஊசி முதல் தடவை ஒன்பது மாதம் முடிந்தவுடனும், இரண்டாம் தடவை பதினாறு மாதத்திலிருந்து இருபத்து நாலு மாதத்துக்குள்ளும் போட வேண்டும். குழந்தை நடக்க ஆரம்பித்து வீடெல்லாம் ஓடுகிற அந்தச் சமயத்தில்தான் அநேகம் தாய்மார் இரண்டாவதை மறந்து போகிறார்கள். பிரசவமான ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்தால் அதற்கான கட்டம் காலியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். காலியாக இருந்தால் குழந்தைக்கு ஐந்து வயது ஆகும் வரையிலும்கூடப் போட்டுக் கொள்ளலாம். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுகிறார்கள். அட்டை தொலைந்து போயிருந்தாலும் போகலாம். புது அட்டை எழுதிக் கொடுப்பார்கள்.